ஸ்டக்கி சுதந்திர உயர்நிலைப் பள்ளி

சுதந்திரத்துக்காகத் தூக்குமேடை ஏறியவர்கள் உண்டு. சிறையில் செக்கிழுத்தவர்கள் உண்டு. உப்புக் காய்ச்சி உதை வாங்கியவர்களும் உண்டு. ஆனால் சுதந்திரத்துக்காக டோனட்டைத் துறந்தவர் உலக சரித்திரத்திலேயே ஒருவர்தான். இண்டியானா மாநிலம், ஹார்லன் கிராசிங் ஊரில், பழைய ரயில் சாலையில் வசிக்கும் திரு. டெல்மர் ஸ்டக்கி அவர்களே அந்த மகான்.

டிராக்டர் உதிரிபாகக் கிடங்கிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக அவருக்கு ஒரே ஒரு கடமைதான் மிச்சமிருந்தது. காலையில் எழுந்து, பூட்ஸ் மாட்டி, இடுப்பில் கைத்துப்பாக்கியைச் செருகி, தெருக்கோடி டோனட் கடைவரை நடந்து செல்வது. ஊரைக் காக்க யாராவது வேண்டாமா? அந்த ஊரில் கடைசியாக நடந்த பெருங்குற்றம், மெதடிஸ்ட் சர்ச் வாசலிலிருந்து பூசணிக்காய் களவு போனது. குற்றவாளி ஒரு மான் என்று பிற்பாடு தெரிந்தது. டெல்மரின் துப்பாக்கி இதுவரை வீழ்த்திய ஒரே எதிரி அவர் வீட்டு வாஷிங் மெஷின். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நடந்த 'என்கவுண்டர்' அது. தற்காப்புக்காகச் சுட்டதாகவே அவர் இன்றுவரை சொல்லி வருகிறார்.

இப்படி அமைதி நிலவிய தெருவுக்குள் ஓர் ஆரம்பப் பள்ளி அத்துமீறி நுழைந்தது. பழைய கட்டடத்தின் கூரை ஒழுகியதால், டெல்மர் வீட்டுக்கு நேர் எதிரே மூடிக்கிடந்த ஸ்கேட்டிங் கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜன்னல்களில் காகிதப் பட்டாம்பூச்சிகள் ஒட்டினார்கள். மறுநாளே போலீஸ் டெபுடி லைல், தொப்பியைக் கையில் பிடித்தபடி டெல்மர் வீட்டு வாசலுக்கு வந்தான். இருவரும் ஒரே பவுலிங் பந்துருட்டும் அணியில் பல வருடம் தோற்றவர்கள்.

"டெல்மர், ஒரு சின்ன சிக்கல்யா."

"சொல்லு."

"ஸ்கூல் எல்லையிலேருந்து ஆயிரம் அடிக்குள்ள துப்பாக்கியோட நடமாடக் கூடாது. வாஷிங்டன் சட்டம்."

"முப்பது வருஷமா நான் இங்க இருக்கேன்! ஸ்கூல்தான் என்கிட்ட வந்துச்சு. நானா ஸ்கூல் பக்கம் போனேன்?"

"நீ ஸ்கூல் பக்கமே போகாதவன்னு ஊருக்கே தெரியும். அத விடு. வீட்டுக்குள்ள வெச்சுக்க, புல்தரையில வெச்சுக்க, அது உன் எடம். நடைபாதையில கால வெச்சா நான் உன்னைப் பிடிக்கணும். எனக்கும் முட்டி வலி, உன்னைத் துரத்த முடியாது."

"வேற வழி?"

"லைசென்ஸ் எடுத்துடு. மாநில லைசென்ஸ் இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"மூச்சு விட லைசென்ஸ் எடுத்தியா நீ?"

"மீன் பிடிக்க எடுத்தேன்."

"மீன் பிடிக்கிறது பொழுதுபோக்கு. இது உரிமை. உரிமைக்குப் போயி ஒருத்தன் கவுண்டர்ல நின்னு கெஞ்சுவானா?"

"அப்ப குண்டக் கழட்டிட்டு, பெட்டியில பூட்டி எடுத்துட்டுப் போ."

"பெட்டியில பூட்டினா அது துப்பாக்கி இல்ல லைல். சாப்பாட்டு டப்பா."

"சரி, வீட்டுல வெச்சுட்டுத்தான் போயேன்!"

டெல்மர் அவனைப் பார்த்த பார்வையில், அம்மணமாக டோனட் தின்னப் போகச் சொன்னதுபோல் ஒரு காயம் இருந்தது.

அன்று தொடங்கியது வனவாசம். புல்தரையின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, இடுப்பில் துப்பாக்கியோடு உட்கார்ந்து, தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் நண்பர்கள் காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை பார்க்கும் அவர் மனைவி நடீன், வீடு திரும்பும்போது டோனட் வாங்கி வந்து கொடுத்தாள். அவர் அதைத் தின்றார். ஆனால் ருசிக்கவில்லை. பிறர் கொண்டுவந்து தரும் டோனட் சலுகை. நடந்து போய் வாங்கும் டோனட்தான் உரிமை.

யோசித்து யோசித்து மண்டை காய்ந்த ஒரு நாளில், லைல் அந்தச் சட்டத்தில் இன்னொரு சந்து இருப்பதை வாய்தவறிச் சொல்லிவிட்டான். பள்ளியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டவருக்குத் தடையில்லையாம்.

டெல்மர் உடனே எதிர்ப்பள்ளியின் தலைமை ஆசிரியையை அழைத்தார். மிஸ் வாஸ்கெஸ் என்ற அந்த இளம்பெண் நடைபாதையில் நின்றாள். அவர் புல்தரையில் நின்றார். இரண்டு நாடுகளின் தூதர்கள் எல்லைக்கோட்டில் சந்தித்ததைப்போல நேர்காணல் நடந்தது.

"என்னைக் காவலுக்கு வெச்சுக்கம்மா. சம்பளமே வேண்டாம்."

"காவலர் இருக்காரே சார். போன வருஷம் லைப்ரரி டீச்சர எடுத்துட்டு அவரைக் குடுத்தாங்க."

"வேற ஏதாவது வேலை?"

"பாட்டு டீச்சர் இல்ல. உங்களுக்கு சைலஃபோன் வாசிக்கத் தெரியுமா?"

"துப்பாக்கி வெச்சுக்கிட்டு வாசிக்கலாமா?"

"கைல குச்சி பிடிக்கணும் சார். ரெண்டு கைலயும்."

பேச்சுவார்த்தை முறிந்தது. வீட்டுக்குள் வந்த டெல்மர், பல நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை மனிதகுலத்துக்கு உதிக்கும் ஒரு யோசனையோடு வெளியே வந்தார். அவர்கள் பள்ளி தராவிட்டால் என்ன? சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கிவிட்டால்?

இப்படியாக, ஸ்டக்கி வீட்டு கராஜில், புல்வெட்டும் இயந்திரத்துக்கும் இறைச்சி வைக்கும் உறைபெட்டிக்கும் நடுவில், 'ஸ்டக்கி சுதந்திர உயர்நிலைப் பள்ளி' உதயமாயிற்று. தலைமை ஆசிரியர் பதவிக்கு ஒருமனதாக டெல்மர் தேர்வானார். பிறகு தலைமை ஆசிரியர் டெல்மருக்கும் காவலர் டெல்மருக்கும் ஊதியப் பேச்சு நடந்தது. காவலர் நாளுக்கு இரண்டு டோனட் கேட்டார். நிர்வாகம் நிதிநிலையைக் காட்டி ஒன்றுக்குமேல் இயலாது என்றது. காவலர் வேலைநிறுத்தம் செய்வதாக மிரட்டினார். கடைசியில் ஒன்றரையில் சமரசம் ஆகி, இருதரப்பும் கையெழுத்திட்டன. இரண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தது நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே நிலவிய ஒற்றுமையைக் காட்டியது.

ஒரே குறை, மாணவர்.

"உன் பேரு மட்டும் போதும் நடீன்," என்றார் இரவுச் சாப்பாட்டின்போது. "நீ பதினொண்ணாவதோட நின்னவதானே? சட்டப்படி நீ இன்னும் படிப்ப முடிக்கல."

நடீன் உருளைக்கிழங்கைப் பிசைவதை நிறுத்தினாள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நின்ற படிப்பு அது. நர்ஸ் ஆக வேண்டும் என்று இருந்தவள். முதியோர் இல்லத்தில் இத்தனை வருடமாக நர்ஸுகளின் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

"அப்ப நீதான் சொன்னே, ஹைஸ்கூல் டிப்ளமோவ வெச்சுக்கிட்டு டயப்பரா மாத்தப் போறே நீன்னு."

"அத இப்ப ஏன் கிளப்புற? பேரு குடுப்பியா மாட்டியா?"

"குடுக்குறேன்," என்றாள் அவள், மறுபடி உருளைக்கிழங்கைப் பிசைந்தபடி.

மறுநாள் காலை டெல்மர் நடைபாதையில் கால்வைத்தார். நிலவில் கால்வைத்தவர்களுக்குக்கூட அப்படி ஒரு பூரிப்பு இருந்திருக்காது. காரில் வந்த லைல் ஜன்னலை இறக்கினான். ஒப்பந்தத்தை நீட்டினார். லைல் அதை மேலும் கீழும் படித்தான்.

"எத்தனை பசங்க?"

"ஒண்ணு. ரொம்ப நல்ல பொண்ணு."

லைல் தலையைச் சொறிந்தான். மேலிடத்தில் கேட்பதற்கு எத்தனை தாள் எழுத வேண்டும் என்று நினைத்துப் பார்த்தான். ஜன்னலை ஏற்றிவிட்டுப் போய்விட்டான்.

டெல்மர் டோனட் கடையில் வெற்றிவிழா கொண்டாடிவிட்டுத் திரும்பியபோது, கராஜில் விளக்கு எரிந்தது. நடீன் தலையை அழுந்த வாரி, மடக்கு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். கையில் கூராகச் சீவிய பென்சில்.

"குட்மார்னிங் சார்."

"என்ன இது?"

"லீவு போட்டுட்டு வந்திருக்கேன். மொதப் பாடம் என்ன?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வேறு வழியின்றித் தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பாடத்தை, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தத்தை, மார்பில் கைவைத்துச் சொன்னார்.

"அது பின்பாதி சார். அந்த வாக்கியத்தோட முன்பாதி என்ன? 'ஒழுங்குபடுத்தின குடிப்படை'ன்னு ஏதோ வருமே?"

"முன்பாதி பரீட்சைக்கு வராது."

அடுத்து கணக்கு. நடீன் நூலகத்திலிருந்து வாங்கி வந்த புத்தகத்தைப் பிரித்து, எக்ஸ் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். அது சமயத்துக்குத் தகுந்தபடி மாறும் என்றார் டெல்மர். அறிவியலில் தவளை படம் வந்தது. அதை எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம் என்பது தவிர அவரிடம் தகவல் இல்லை. வாரக்கடைசிக்குள் மாணவி புத்தகத்தைத் தானே படித்து, தலைமை ஆசிரியருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டினார். பள்ளியின் கல்வித்தரம் அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது.

மதிப்புக் குறைவதை உணர்ந்த நிர்வாகம், தான் வல்லவனாக இருக்கும் ஒரு துறையைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. ஒளிதல் பயிற்சி. நாட்டில் எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். ஆயுதம் தாங்கியவன் வந்தால் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூச்சுக் காட்டாமல் ஒடுங்க வேண்டும்.

"நான் வெளியேருந்து கதவ உலுக்குவேன். நீ சத்தம் போடக் கூடாது. எதிர்ல அதுங்களுக்கும் இன்னிக்குத்தான் நடக்குதாம். யாரு நல்லா செய்றாங்கன்னு பாத்துடலாம்," என்றார் டெல்மர் உற்சாகமாக.

நடீன் உறைபெட்டிக்குப் பின்னால் குந்தினாள். முட்டி வலித்தது. எதிர்ப்பள்ளியில் இடைவேளைக் கூச்சல் சட்டென்று நின்றது. அத்தனை பிள்ளைகள் இருக்கும் கட்டடத்திலிருந்து அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. திறந்திருந்த எந்த ஜன்னல் வழியாகவோ ஒரு குழந்தை ஒருமுறை விசும்பியது. யாரோ "உஷ்ஷ்" என்றார்கள். அதுவும் நின்றது.

அப்போது கராஜ் கதவு தடதடவென்று ஆடியது. கதவின் அடி இடுக்கில் இரண்டு பூட்ஸ் தெரிந்தன. அவளே பாலிஷ் போட்ட பூட்ஸ்.

டெல்மர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது, அவள் எழுந்து நின்றாள்.

"சபாஷ்! ஒரு சத்தம் வரல," என்றார் டெல்மர்.

"வெளில நிக்கிறது என் புருஷன்னு எனக்குத் தெரியும் டெல்மர். நாப்பது வருஷமா கூடப் படுக்குறவன். அப்பவும் பயந்துட்டேன்."

"அதான் பயிற்சி வெற்றிங்கிறேன்."

"எதிர்ல இருக்கிறதுக்கெல்லாம் ஆறு வயசு. கேட்டியா? மூக்கு ஒழுகினாக்கூட உறிஞ்சாம இருக்கக் கத்துக் குடுத்திருக்காங்க."

"காலம் அப்படி. அதுக்குத்தானே நாங்கள்லாம் வெச்சிருக்கோம்."

"நீங்கள்லாம் வெச்சிருக்கிறதாலதான்யா அதுங்க ஒளியுதுங்க!"

டெல்மருக்கு அவள் முகத்தைப் பார்க்க ஏனோ முடியவில்லை. வாஷிங் மெஷினைச் சுட்ட அன்றுகூட அவள் இப்படிக் கத்தியதில்லை.

"எனக்கு டிசி குடு," என்றாள் நடீன். "மிஸ் வாஸ்கெஸ் சொன்னா, டவுன்ல பெரியவங்களுக்கு சாயங்கால வகுப்பு இருக்காம். கணக்குக்கு ஆள் இருக்காம். நிஜ ஆளு."

"நீ போயிட்டா ஸ்கூல் என்ன ஆகுறது? நான் எப்படி வெளிய போறது?"

"இடுப்புல இருக்கிறத மேசையில வெச்சுட்டுக் கதவத் திறந்துட்டு நடக்கணும். கொழந்தைங்கல்லாம் அப்படித்தான் நடக்குதுங்க."

அவள் பென்சிலையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து மாலை வேளைகளில் வீட்டில் இருப்பதில்லை. குளிர்காலம் முடிவதற்குள் டிப்ளமோ வாங்கினாள். நர்ஸ் உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். சில நாட்கள் டெல்மர் கராஜ் வாசலில் நின்று அவள் காரின் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், தனியாகச் சாப்பிட்ட அந்த இரவுகளில் ஒருமுறை துப்பாக்கியைக் கழற்றி மேசைமேல் வைத்தும் பார்த்தார். நடீனுக்குப் பதிலாக எதிரே உட்கார்ந்திருப்பதற்கு அது போதுமானதாக இல்லை. எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

பள்ளி என்னவோ மூடப்படவில்லை. பள்ளி என்பது கட்டடம், நிர்வாகம், காவல் ஆகிய மூன்றும் சேர்ந்தது, மாணவர் என்பது கூடுதல் வசதி மட்டுமே என்று டெல்மர் லைலிடம் வாதாடினார். சட்டத்தில் எத்தனை மாணவர் என்று போடவில்லை, போய்த் தொலை, என்னை ஏன் வதைக்கிறாய் என்றான் லைல். டோனட் நடை தொடர்ந்தது.

நல்லவர்களை உலகம் எப்போதாவது கண்டுகொள்ளத்தானே வேண்டும்? வசந்தம் பிறந்ததும் மாநில ஆயுத நண்பர்கள் கழகம், தன் 'மிகப் பாதுகாப்பான பள்ளி' விருதுக்கு ஸ்டக்கி சுதந்திர உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது. கழகத் தலைவர் திரு. ஹோல்கம் கேடயத்தோடு நேரில் வந்து, கராஜை வியந்து வியந்து சுற்றிப் பார்த்தார்.

"ஒரு பிள்ளைக்குக்கூட இதுவரை சின்னக் கீறல் இல்லையாமே?"

"ஒண்ணுக்குக்கூட இல்ல," என்றார் டெல்மர் நெஞ்சை நிமிர்த்தி.

"பிள்ளைங்கல்லாம் எங்க?"

"யாரும் இல்லைங்க."

தலைவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். கண்கள் பனித்தன. டெல்மரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நிகழ்த்திய விருது உரையில், நாட்டின் மற்றப் பள்ளிகளும் இந்த உன்னத நிலையை நோக்கித்தான் உறுதியாக முன்னேறிக்கொண்டிருக்கின்றன என்று நம்பிக்கை தெரிவித்தார். என்ன ஒன்று, அங்கெல்லாம் பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடிகிறது.