எதில் வரையலாம், தசரதன்?

நம்மிடையே ஓர் இனம் உண்டு. சோம்பேறிகள் அல்ல, ஏமாற்றுக்காரர்களும் அல்ல. செய்ய வேண்டிய வேலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் வேலையை மட்டும் தொடங்க மாட்டார்கள். எதை வைத்துத் தொடங்குவது என்று இன்னும் முடிவாகவில்லையே! நல்லதைப் பொறுக்கி எடுப்பவர்கள் என்பதால் இவர்களைப் 'பொறுக்கி' என்றே அழைக்கலாம். அந்தச் சொல்லை ஊரில் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே 'தேர்வாளர்' என்போம்.

எனக்குத் தெரிந்த தேர்வாளர்களில் முதல் இடம் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டை தசரதனுக்கு. சாம்பியன் ரீஃப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம், ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கும் ஷாஃப்டின் மணியையும் சிக்னல் ஒயர்களையும் பார்த்துக்கொண்டவர். விருப்ப ஓய்வு வாங்கி, கடைத்தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பட்டறை திறந்தார். உடன் வேலை செய்தது ஐடா, பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்த பெண். இரண்டாயிரமாவது ஆண்டு ஒரு கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. அதற்குத் தனி மேஜை, தனி மின்விசிறி, பூப்போட்ட உறை. அதன் பக்கம் போவதென்றால் தசரதன் செருப்பைக் கழற்றிவிடுவார்.

மூன்று மாதமாக மிக்ஸி ரிப்பேரைத் தவிர வேறு வேலை இல்லாத நேரத்தில், சம்பங்கி என்ற கிரானைட் பட்டறைக்காரர் வந்தார். அவருடைய கல் அறுக்கும் இயந்திரங்களில் பிளேடு சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நின்றால் மோட்டாரும் தானாக நிற்க வேண்டும். எட்டு இயந்திரம், எட்டுக் கருவி.

"முன்னாடி ஒருத்தர் ஒரு டப்பா குடுத்தாரு. கெட்டுப் போச்சு. உள்ள இன்னா கீதுன்னு யாருக்கும் தெரில," என்றார் சம்பங்கி. "நீங்க மொதல்ல எப்படி வேலை செய்யும்னு படம் போட்டுக் காட்டுங்க ஸ்வாமி. வெள்ளிக்கிழமை வரேன். இல்லன்னா ஆர்டர் பெங்களூர் பார்ட்டிக்குத்தான்."

படம் என்றால் பிளாக் டயகிராம். தண்ணீரைக் கவனிப்பது ஒரு கட்டம், அதன் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்குவது ஒன்று, மோட்டாரை நிறுத்தும் ரிலே ஒன்று, கூவுகிற அலாரம் ஒன்று, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது ஒன்று. ஐந்து கட்டம், நடுவே சில அம்புக்குறிகள். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? ஒரு தேர்வாளரிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

திங்கட்கிழமை, கடிதம் தட்டும் மென்பொருளில் தசரதன் கட்டம் போட்டார். கட்டத்தை நகர்த்தினால் அம்பு நகரவில்லை; அநாதையாக அங்கேயே நின்றது. கம்ப்யூட்டரோடு வந்த ஓவிய மென்பொருளில் கட்டம் ஒழுங்காக வந்தது; எழுத்துத்தான் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. செவ்வாயன்று காலை ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் போய் மூன்று சிடிக்களோடு திரும்பினார். ஒன்று, தனக்கு மெமரி போதாது என்று மறுத்தது. இன்னொன்று, ஒவ்வொரு ரெசிஸ்டரையும் காட்டாமல் வரையவே விடமாட்டேன் என்றது. மூன்றாவது அற்புதமாக வரைந்தது, ஆனால் அச்செடுத்தால் தாள் முழுக்கக் குறுக்கே 'மாதிரி' என்று கொட்டை எழுத்தில் அடித்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் உட்கார்ந்து ஓர் அட்டவணை தயாரித்தார். ஐந்து மென்பொருள், பதினேழு அம்சம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்.

ஐடா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நம்ம படத்துல அஞ்சு கட்டம். உங்க அட்டவணையில எம்பத்தஞ்சு கட்டம் கீது."

"அவசரப்படாதம்மா. இன்னிக்கு ஒயுங்கா ஒண்ண புடிச்சிட்டா, ஆயுசுக்கும் கவலையில்ல."

"எனக்கு பெங்களூர்ல இண்டர்வியூ வந்துகீது. இந்த ஆர்டர் வரலன்னா நானும் டெய்லி காலை ரயில்தான்."

தசரதன் மீண்டும் அட்டவணைப் பக்கம் திரும்பினார். பதினெட்டாவதாக ஓர் அம்சத்தைச் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சம்பங்கி வந்தார். தசரதன் அட்டவணையை நீட்டினார். வந்தவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல தண்ணி எங்க ஸ்வாமி?"

"இது சாப்ட்வேருங்க. முடிவு பண்ணிக்கினு திங்கட்கிழமை…"

சம்பங்கி எழுந்து செருப்பை மாட்டினார். ஐடா அதற்குள் வெள்ளைத்தாளை இழுத்து, ஸ்கேலை வைத்து, பென்சிலால் வரையத் தொடங்கியிருந்தாள். "ரெண்டு நிமிஷம், உக்காருங்க சார்." ஐந்து கட்டமும் வந்துவிட்டன. சம்பங்கி செருப்போடு வந்து அம்புகளின் மேல் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"செரி. தண்ணி நின்னுச்சு, மோட்டார் நின்னுச்சு. ஆளு பிளேடுகிட்ட கைய வெச்சு குழாய நோண்டிக்கினு இருக்கான். அப்ப தண்ணி வந்தா?"

ஐடாவின் பென்சில் அப்படியே நின்றது. படத்தின்படி மோட்டார் தானாக ஓடும்.

"ஓடக் கூடாது," என்றார் தசரதன்.

நான்கு நாளில் முதல் முறையாக அவர் திரையிலிருந்து முழுதாகத் திரும்பியிருந்தார். "சுரங்கத்துல, கேஜ் கூண்டுல ஆளு ஏறிட்டான்னு கீழருந்து மணி அடிச்சாத்தான் மேல அத இழுக்கிற இஞ்சின ஓட்டுவாங்க. அடிக்கலன்னா, இன்னா ஆனாலும் ஓட்ட மாட்டாங்க. இதுலயும் அப்டித்தான். ஆளு கைய எடுத்துட்டு வந்து ஒரு பட்டன அமுக்கணும். அப்புறந்தான் மோட்டார்." பென்சிலை வாங்கி ரிலேவுக்குப் பக்கத்தில் ஆறாவது கட்டத்தைப் போட்டார். ஒரு பக்கம் சாய்ந்த கோணல் கட்டம். யாரும் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

சம்பங்கி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "இது தெரிஞ்சவருதான் எனக்கு வேணும். எட்டும் நீங்களே செய்ங்க."

அவர் போன பிறகு தசரதன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா இத நெனைக்கவே இல்லம்மா. ஒரு ஆளு கை போயிருக்கும்."

"இப்ப நெனச்சிட்டீங்க இல்ல? வாங்கண்ணே, ஒயர் வெட்டலாம்," என்றாள் ஐடா. இண்டர்வியூவுக்கு அவள் போகவில்லை.

எட்டுக் கருவிகளும் இரண்டு மாதத்தில் வேலைக்குப் போயின. தசரதன் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? இந்த இனத்தில் அப்படி நடந்ததாகத் தகவல் இல்லை. இப்போதெல்லாம் அவர் பட்டறைக்கு வருமுன்பே ஐடா பென்சிலால் படத்தைப் போட்டுவிடுகிறாள். அவர் வந்ததும் அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்கிறாள். உடனே சொல்லிவிடுகிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. தினமும் காலையில் நடக்கப் போகிறேன் என்று நீங்கள் வீட்டில் அறிவித்து எத்தனை மாதம் ஆயிற்று? நான்கு கடை ஏறி இறங்கியும் சரியான கான்வாஸ் ஷூ கிடைக்கவில்லை, அப்படித்தானே? தெரு வாசலிலேயேதான் இருக்கிறது. வெறுங்காலோடு இறங்கினாலும் அது ஒன்றும் சொல்லாது.