மாமனாரும் பிரான்சு ஒயினும்

"ருசி எப்படி இருக்குன்னு சொன்னாத்தான் போனை வைப்பேன்" என்றான் நிலவழகன்.

பிரான்சில் ஓட்டல் வேலை பார்க்கும் அந்த நண்பன், போன வாரம் ஊருக்கு வந்தபோது பாதி பாட்டில் வெள்ளை ஒயினைக் குணசேகரன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போயிருந்தான். திராட்சையைக் கொடியிலேயே வாடவிட்டு, கடைசியாகப் பறித்துச் செய்த இனிப்பு ஒயின்.

மோரைத் தாண்டி எதையும் குடித்தறியாத குணசேகரன், டம்ளரில் ஊற்றி ஒரு வாய் உறிஞ்சினான்.

"தேன் வாசனை வருது. பின்னாடியே எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புளிப்பு."

"அதேதான்டா. ஒனக்கு நல்ல நாக்கு. மெதுவாக் குடி, தூக்கிரும்."

தூக்கியது. காது சூடேறியது. நேரே கூடத்துக்குப் போய், மாமனார் ரத்தினவேலின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கினான். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவன் "சரிங்க மாமா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"பாத்துக்கிட்டு இருக்கேன்ல மாப்பிள?"

"ஆவுடையார்கோவில்ல ஒங்க வீட்டுலயும் டிவி இருக்குல்ல மாமா. தீபாவளிக்கு வந்தீங்க. சித்திரையே பொறந்துருச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மன்னிப்புக் கேட்கத் தைரியம் வேண்டி இன்னொரு டம்ளர் குடித்துவிட்டுப் போனான். வாயில் வேறொன்று வந்தது.

"நீங்க வைக்கிற மீன்கொழம்ப இங்க யாரும் திங்கிறதில்ல மாமா. பக்கத்து வீட்டு நாய்க்குத்தான் போகுது. இப்ப அதுவும் வாரதில்ல."

ரத்தினவேல் எழுந்து, வேட்டிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

"அப்பா ஏன் பையை எடுக்குறாரு?" என்று அடுப்படியிலிருந்து வந்தாள் மனைவி சிவரஞ்சனி.

குணசேகரன் மிச்சத்தையும் குடித்தான். "கெளம்புறவர நிறுத்தாத. சகுனம் சரியில்லாமப் போயிரும்."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையைக் கண்டதும் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. காலிப் பாட்டிலோடு மாமனார் காலில் விழுந்தான்.

"பேசுனது நானில்ல மாமா. இந்தப் பிரான்சு சரக்கு."

ரத்தினவேல் பாட்டிலில் ஒட்டியிருந்த அயல்நாட்டு எழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார்.

"அழாத ரஞ்சனி. போதையில பேசுறதுக்கு அர்த்தம் கெடையாது. மாப்பிள மனசுல ஒண்ணும் இல்ல."

இனிமேல் தொடுவதில்லை என்று குணசேகரன் அவர் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தான். வேட்டிகள் கொடிக்குத் திரும்பின.

பாத்திரம் கழுவ வந்த செவந்தி, காலிப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்னக்கா, இதுல கெடந்த புளிச்ச சாற நேத்தே கொட்டிட்டு, நீங்க ஒடம்பு எளைக்கக் குடிக்கிற, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தேன் தண்ணியத்தானே ஊத்தி வச்சேன். அம்புட்டையும் யாரு குடிச்சா?"