ஊசிக்கு முகூர்த்தம் குறித்தவர்

ஊசிக்குப் பயப்படுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊசியை நம்பாதவர்களோடு சண்டையும் போட்டிருப்பீர்கள். இந்த இருவரையும் விழுங்கி ஏப்பம் விடுகிற மூன்றாவது இனம் ஒன்று நம் நடுவே உலவுகிறது. அதற்கு ஊசிமேல் பயமில்லை, சந்தேகமில்லை, கோபமில்லை. "போடத்தான் போறேன்" என்று மார்தட்டும். எப்போது? அங்கேதான் இடிக்கும்.

மலேசியாவில் பத்து காஜா ஊர்க்காரர் பிச்சைமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டன் காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம். இவர் ஈப்போவில் ஒரு பேரங்காடியின் பாதுகாவலர்களுக்கு மேற்பார்வையாளர். வருடாவருடம் போடவேண்டிய சளிக்காய்ச்சல் ஊசியை வருடாவருடம் போடுவதென்று முடிவெடுத்து, வருடாவருடம் நாள் பார்த்து, டிசம்பர் வந்ததும் "இனிமே எதுக்கு, புது வருசத்துல புதுசாப் போட்டுக்கலாம்" என்று வழியனுப்பி வைப்பார்.

இந்த வருடம் தப்ப முடியவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு வந்து இறங்கிய மகள் துளசி, பெட்டியைக் கீழே வைக்குமுன் சட்டம் போட்டுவிட்டாள்.

"அப்பா, ஆறு மாசம் வரைக்கும் புள்ளைக்கு இந்த ஊசி போட முடியாது. அதனால தூக்குறவங்க போட்டிருக்கணும். போட்டு ரெண்டு வாரமும் ஆயிருக்கணும். இல்லன்னா கைய வைக்கக் கூடாது."

"என் பேரப்புள்ளையத் தூக்க எனக்கே லைசென்சா? போட்டுட்டாப் போச்சுலா!"

கையில் முழுசாக மூன்று மாதம் இருந்தது.

முதல் மாதம் ஆராய்ச்சியில் போயிற்று. பூமியின் வடபாதிக்கு ஓர் ஊசி, தென்பாதிக்கு ஓர் ஊசி என்று கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு, தன் பேராக் மாநிலம் எந்தப் பாதி என்று ஒரு வாரமும், எந்தப் பாதியின் ஊசி புதுசு என்று மூன்று வாரமும் யோசித்தார். இரண்டாம் மாதம் டுரியான் பழம் விழுகிற காலம். டுரியான் உடம்புக்குச் சூடு. சூட்டு உடம்பில் ஊசி ஏற்றலாமா? "அப்ப டுரியான நிறுத்துங்களேன்" என்றாள் மனைவி குமுதா. மனைவி கேட்கிற கேள்வியா இது? மூன்றாம் மாதம்தான் காலண்டர் களமிறங்கியது. செவ்வாய் ஆகாது, சனி வேண்டவே வேண்டாம், அஷ்டமி நவமி தள்ளு, கரிநாளைத் தள்ளு, ராசிக்குச் சந்திராஷ்டமம் தள்ளு, தள்ளியது போக மிஞ்சிய நாளில் ராகு காலத்தைத் தள்ளு. அத்தனையும் தாண்டி ஒரு நல்ல நேரம் தப்பிப் பிழைத்து வந்தால், அன்று பார்த்து அவருக்கு ஒரு தும்மல் வரும்.

குமுதாவோ மீன் வாங்கப் போன வழியில் கிளினிக்கில் நுழைந்து குத்திக்கொண்டு, மீன் கெடுமுன் வீடு திரும்பிவிட்டாள். ஆயர் தாவாரிலிருந்து வந்த சம்பந்தி ராமகிருஷ்ணன் இன்னும் மோசம். "ராகு காலத்துல போங்க சம்பந்தி. நம்மாளு ஒருத்தன் வரமாட்டான். அஞ்சே நிமிசத்துல குத்திக்கிட்டு வந்துட்டேன்!"

பேரன் பிறந்தான். பிச்சைமுத்து தன் சொந்த வீட்டில், தான் தவணை கட்டி வாங்கிய வீட்டில், அறை வாசலைத் தாண்ட அனுமதியில்லாமல் நின்றார். அந்தச் சிவந்த பிஞ்சுப் பாதம் போர்வையை உதைப்பதைத் தூரத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். முப்பதாம் நாள் பேரனை மடியில் வைத்து வெள்ளி அரைஞாண் கட்டுவது அம்மா வழித் தாத்தாவின் உரிமை. அரைஞாண் வாங்கி ஒரு மாதமாயிற்று. ஊசிதான் பாக்கி.

கடைசியில் கிடைத்தது ஒரு நாள். ஞாயிறு, வளர்பிறை, ஒன்பதிலிருந்து பத்தரை வரை அப்படியொரு முகூர்த்தம். அன்று போட்டால் முப்பதாம் நாளுக்குச் சரியாக இரண்டு வாரம். அதே காலையில் ஒரு கல்யாணத்துக்கும் போகவேண்டியிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! பட்டு வேட்டி சரசரக்க, பட்டுச் சேலையில் குமுதாவைக் காரில் உட்கார வைத்துவிட்டுக் கிளினிக் படியேறினார்.

கதவு பூட்டியிருந்தது. ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "தாதி பிரமிளாவின் திருமணத்தை முன்னிட்டு வியாழன் வரை விடுமுறை."

"நாம போறதே அந்தப் புள்ள கல்யாணத்துக்குத்தானங்க" என்றாள் குமுதா, கார்க் கண்ணாடியை இறக்கி. "நல்ல முகூர்த்தம்னா அவளும்தான் பார்த்திருப்பா. யாரு வந்து குத்துவான்னு நெனச்சீங்க?"

மனிதர் விடவில்லை. மணமேடையில் அட்சதை தூவக் குனிந்தபோது மணப்பெண்ணின் காதில் கேட்டேவிட்டார். "எங்கியாவது ஒரு ஊசி இருக்குமாம்மா?"

"ஊசி போட வாங்கன்னு மூணு மாசமா ஃபோன் பண்ணிக் கூப்பிட்டேன், அங்கிள்" என்றாள் பிரமிளா, மாலைக்குள்ளிருந்து. "இன்னிக்கு ஒருநாள் என்னைய விட்டுடுங்க."

வேறு கிளினிக் இல்லையா? தெருவுக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் அன்றைக்கு முகூர்த்தம் தாண்டிவிட்டது, திங்கள் முதல் புதன் வரை அவருக்குச் சந்திராஷ்டமம், வியாழன் கரிநாள். வெள்ளிக்கிழமை குமுதா அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குத்த வைத்தாள். வலித்ததா? கொசு கடித்ததுபோல்கூட இல்லை. அதுதான் அவருக்கு அழுகையாக வந்தது.

முப்பதாம் நாள் வந்தபோது ஊசிக்கு வயது ஒன்பது நாள். "இன்னும் அஞ்சு நாள்ப்பா" என்றாள் துளசி, அவர் முகத்தைப் பார்க்காமல். அரைஞாணைச் சம்பந்தி கட்டினார். ராகு காலத்தில் குத்திக்கொண்ட அந்தக் கையால், சிரித்துக்கொண்டே கட்டினார். பிச்சைமுத்து முகக்கவசத்தோடு வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் நீட்டினார்.

அந்த ஐந்து நாளும் கழிந்தது. வெள்ளிக்கிழமை, குளித்து, விபூதி பூசி, நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். முதன்முதலாகத் தூக்குவதைப் பன்னிரண்டுக்குமேல் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். பத்து நாற்பதுக்குப் பேரன் வீறிட்டான். துளசி குளியலறையில். குமுதா அடுப்படியில். பிச்சைமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அடுத்த நொடி பிள்ளை மார்பில் இருந்தான். அடுத்த நிமிடம் சட்டை நனைந்தது. "ராசா, ராசா" என்று கிழவர் கொஞ்சிய கொஞ்சலில் ராகுவே வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் படித்தவர், காலண்டரைத் தேதிக்கு மட்டும் பார்ப்பவர். இந்த மாத வேலை முடியட்டும், பள்ளி விடுமுறை கழியட்டும், கிளினிக்கில் கூட்டம் குறையட்டும் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, இதெல்லாம் எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது?