312-ஆம் பக்கத்தில் செத்துப்போன மாமனின் முறையீடு

அன்பும் அறிவும் நிறைந்த, கத்தியை மட்டும் கீழே வைக்க மறுக்கிற என் அருமை மருமகளுக்கு, உன் தாய்மாமன், தலை இன்னும் உடம்போடு ஒட்டியிருக்கும் நிலையில் எழுதிக்கொள்வது. இதில் வரும் சங்கதியை உலகத்தில் ஒருத்தரும் நம்பப் போவதில்லை என்று என் மூக்குக்கண்ணாடி மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

"பிழை மட்டும் பாத்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள பதிப்பகத்துக்கு அனுப்பிடுங்க மாமா" என்று உன் நாவலைக் கொடுத்துவிட்டுப் போனாய். கட்டைப் பிரித்தேன், ஃபேன் நின்றது, மூன்றாம் பக்கத்திலிருந்து ரத்தம் வழிந்து சோபாவுக்கு அடியில் போனது, உன் அத்தை நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மீசைகூட முளைக்காத உன் ராஜா நூறு பக்கத்துக்குள் அறுநூற்றுப் பதினாலு தலையை வெட்டிவிட்டான். கை வலிக்கிறது என்று லீவு கேட்ட தலைவெட்டிக்கு லீவும் இல்லை, தலையும் இல்லை. இத்தனையும் எதற்கு? சின்ன வயதில் அவன் எழுதிய முதல் பாட்டை அவனுடைய தாய்மாமன் சபையில் கோணல் குரலில் வாசித்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்களாம். இதற்கா ஒரு தேசத்தையே கொளுத்துவார்கள்? அந்த மாமன் சிம்மாசனத்தில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்காருகிறான், வெந்நீரைக்கூட ஊதி ஊதிக் குடிக்கிறான், அவன் வாய் கொப்பளித்தால் அகழி முதலைகள் அலறுகின்றன. அத்தை படித்துவிட்டு, "உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்றாள்.

முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான், சரிபார்க்காமல் ஒரு வரியையும் விடமாட்டேன். அந்த மாமன் துணிப்பெட்டிக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்தான் என்கிறாயே, முடியுமா? டார்ச்சோடு எங்கள் துணி அலமாரிக்குள் புகுந்தேன். வெளித்தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. முதல் நாள் சட்டைப் பொத்தான் இரண்டைத் தின்றேன், இரண்டாம் நாள் தாடி முழங்காலைத் தொட்டது, மூன்றாம் நாள் அத்தை வந்தாள்.

"யாரு உள்ள?"

"நான்தான்டி, திற!"

"அந்தச் சபை எந்த ஹாலுன்னு தெரியுதா? பதினொரு வயசுப் பிள்ளை கையிலேர்ந்து நோட்டைப் பிடுங்கி, விருந்தாளிங்க முன்னாடி மூக்கால வாசிச்சீங்களே, அந்த ஹாலுதான். மன்னிப்புக் கேட்டு எழுதறேன்னு சொல்லுங்க, திறக்கறேன்."

"ராஜ்யமே போனாலும் மாட்டேன்!"

"அப்ப உள்ளேயே ஆளுங்க."

உள்ளேயே ஆண்டேன். சும்மா இல்லை, 312-ஆம் பக்கத்தை மாற்றி எழுதினேன். அந்த மாமனைத் தூக்கிப் போடக் கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன். உன் ராஜா மாமன் காலில் விழுகிறான், பாதி நாட்டையும் முதுகு சாய்க்க வசதியான ஒரு நாற்காலியையும் கொடுக்கிறான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகப்போவது இந்த முடிவுதான். கதறு, பதறு, படை திரட்டிக்கொண்டு வா, அசையமாட்டேன்.

நீ நூறாண்டு நன்றாக இரு, உன் ராஜாவுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
கொப்பரைக்குத் தப்பிய மாமன்

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிடு. எங்கள் அலமாரிக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அத்தை உன் நாவலைத் தொடவே இல்லை. முடிவில் ஒரு வார்த்தையும் மாறவில்லை, கொப்பரை அடுப்பிலேயே கொதிக்கிறது. நேற்றே பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். என் சாவில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதை மட்டும் போட்டேன். அந்த நோட்டு மட்டும் நிஜம். நீல அட்டை. வாசித்தது நான்தான். அதில் நீ எழுதியிருந்த கதை அன்றைக்கே நன்றாகத்தான் இருந்தது, அம்மா.