கரண்டிக் கோட்

ஹீட்டர் பக்கத்துக் கொக்கி காலியாக இருந்தது. எஸ்பன் வாயிலிருந்த வாஃபிளை மெல்லவே மறந்தான்.

அது சாதாரணக் கோட் அல்ல. கரண்டிகள், மீன்வலைத் துண்டுகள், தேயிலைப் பைகள் எல்லாம் தைத்து ஒட்டிய கோட். இன்றைய கண்காட்சியின் முக்கியப் படைப்பு. பசை காயட்டும் என்று, வருகிறவர்களின் கோட்டுகளை அவன் வாங்கி வைக்கும் அறையில் மாட்டியிருந்தார்கள். கூட்ட நேரத்தில், கையெல்லாம் ஜாமாக, ஒரு பெரியவர் விரல் காட்டியதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டான். அவரும் அதை மாட்டிக்கொண்டு, கிணுகிணுவென்று பெர்கன் நகர மழைக்குள் போய்விட்டார்.

போன வாரம்தான் பாதிரியாரின் குடையை யாருக்கோ கொடுத்திருந்தான். "இன்னொரு தடவை ஆள் மாத்திக் கொடுத்தே, வீட்டுக்குப் போயிடு" என்று நிர்வாகி ஹல்டிஸ் சொல்லியிருந்தாள்.

"எஸ்பன்! கோட் காஞ்சுதா?" உள்ளிருந்து அவள் குரல்.

"இன்னும் கையில ஒட்டுது, ஹல்டிஸ்!"

கடைசிக் கொக்கியில் ஒரு கறுப்பு மழைக்கோட் இருந்தது. காப்பிக் கடைக்கு ஓடி, கரண்டிகளை அள்ளினான். யாரோ குடித்துவிட்டு வைத்த தேயிலைப் பைகளையும் பிழிந்து எடுத்தான். எல்லாவற்றையும் டேப்பாலும் ஸ்டேப்ளராலும் கோட்டில் பொருத்தினான். முதுகு வெறிச்சென்று இருந்ததால் பாலாடைக்கட்டி சீவும் கத்தியையும் சேர்த்தான். கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டிவிட்டுத் திரும்பினால் ஹல்டிஸ் நிற்கிறாள்.

"என் கறுப்புக் கோட்டைக் கொடு. மேயரைக் கூட்டிட்டு வரணும்."

எஸ்பன் கூடத்துக் கதவை மறைத்து நின்றான். "அது... ரொம்ப ஈரமா இருந்துச்சு. காயப் போட்டிருக்கேன்." தன் கால்பந்துக் கிளப் ஜாக்கெட்டை நீட்டினான். முறைத்தபடி மாட்டிக்கொண்டு போனாள்.

மேயர் வந்தார். லேஸ் ஜன்னல் திரையில் தைத்துத் தொங்கவிட்டிருந்த திமிங்கிலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கோட்டின் முன்னால் நின்றார். திமிங்கிலம், கோட் இரண்டையும் படைத்த கலைஞர் இங்குன் தன் படைப்பையே உற்றுப் பார்த்தாள்.

"இந்தக் கத்தியை நான் எப்போ வெச்சேன்?"

"தூக்கத்துல வெச்சிருப்பீங்க" என்றான் எஸ்பன்.

"என் போனை எங்கேயோ வெச்சுட்டேன்" என்று ஹல்டிஸ் மேயரின் போனை வாங்கித் தன் எண்ணை அழுத்தினாள்.

கோட்டின் பைக்குள் மணி அடித்தது. கரண்டிகள் நடுங்கின. கூட்டம் கைதட்டியது.

"பிரமாதம்! ஒலிகூட வெச்சிருக்கீங்களே!" என்றார் மேயர்.

ஹல்டிஸ் கைதட்டவில்லை. "எஸ்பன்" என்றாள், மிக மெதுவாக.

அப்போது வாசலில் கிணுகிணுவென்று சத்தம். அதே பெரியவர், அதே கோட், கையில் ஒரு மீன் பொட்டலம். இங்குன் சட்டென்று தூணுக்குப் பின்னால் போனாள்.

பெரியவர் எஸ்பனின் தோளைத் தட்டினார். "போன மழைக்காலத்திலேருந்து என்னோட இந்தக் கோட்டைத் தேடிட்டிருந்தேன் தம்பி, சரியான ஆளுக்குத்தான் கொடுத்தே! அப்படியே அங்க தொங்குற எங்க வீட்டு ஜன்னல் திரையையும் கழட்டிக் கொடுத்துடு, என் பொண்டாட்டி இங்குன் பார்க்கறதுக்குள்ள கிளம்பிடறேன்."