சூசை அண்ணாச்சியின் பாரை ஊருக்குக் காட்டியவன்

"...பெத்த அப்பன் கேட்டாலும் சொல்ல மாட்டேன், பொண்டாட்டி கேட்டாலும் சொல்ல மாட்டேன். எங்கனயோ இருக்க ஒருத்தன் கேக்கான்னு உங்கிட்ட வந்து சொல்லணுமால?" என்றார் சூசை அண்ணாச்சி.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தக் களவா மீனைக் கடலில் எந்த இடத்தில் பிடித்தீர்கள்?

தூண்டில் வள்ளக்காரரிடம் அதைக் கேட்கக் கூடாது என்று தூத்துக்குடிக் கரையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். கடலுக்கடியில் மீன் அடைகிற பாறைத்திட்டைப் பார் என்பார்கள். நல்ல பார் ஒன்று கண்டுவைத்தவன் அதற்கு நேர்வழியில் போகமாட்டான். பக்கத்தில் வேறு வள்ளம் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வான். எனக்கு இதெல்லாம் தெரியாது. சாத்தான்குளத்துக்காரன் நான், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியவனில்லை. மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் காகிதம் நிரப்பும் வேலை. (வீட்டில் சொல்லிக்கொண்டது, எக்ஸ்போர்ட் ஆபீசர்.)

மீன் வாங்குகிற நாடுகளில் அப்போது புதிய விதி வந்திருந்தது. எந்த வள்ளம், எந்த நாள், எந்த இடம் என்று பெட்டிக்குப் பெட்டி விவரம் இல்லையென்றால் கண்டெய்னரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருட்டு மீனைத் தடுக்க வந்த விதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் இடத்துக்கான ஜி.பி.எஸ். எண்ணைக் குத்துமதிப்பாக நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை நான் போட்ட எண் பாஞ்சாலங்குறிச்சியில் போய் விழுந்தது. கோட்டைக்குள் களவா பிடித்த ஒரே கம்பெனி எங்களுடையதுதான்.

மானேஜர் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஒரு வள்ளத்துக்காவது உண்மையான இடம் வேண்டும் என்றார். பத்து நாள் சூசை அண்ணாச்சி பின்னால் அலைந்தேன்.

"அண்ணாச்சி, இது கம்ப்யூட்டருக்குள்ள பூட்டியே கிடக்கும். வெளிநாட்டுல வாங்குதவன் மட்டுந்தான் பாப்பான். எம்பிள்ளை மேல சத்தியம்." (எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.)

பதினோராம் நாள் என் காதோரம் குனிந்து எண்ணைச் சொன்னார். "மூணு பிள்ளையள அந்தப் பார்தான் கரையேத்திருக்கு. இன்னும் ஒருத்தி இருக்கா. பாத்துக்கோல."

அடுத்த மாதம் கம்பெனியில் ஒரு விழா. பெட்டியில் ஒட்டிய சின்னக் கியூ.ஆர். கட்டத்தை போன் கேமராவில் பிடித்தால் மீன் வந்த இடம் தெரியும். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் செய்து கொடுத்த ஏற்பாடு. அதை வள்ளக்காரர்களுக்குக் காட்டச் சொன்னார்கள். உண்மையான இடம் உள்ள பெட்டி ஒன்றுதானே இருந்தது? அதையே எடுத்தேன். மேடையில் கட்டிய திரையில் கடல் வந்தது, கிட்ட வந்தது, இன்னும் கிட்ட வந்து சிவப்புப் புள்ளியில் நின்றது. எண்ணும் கீழே ஓடியது.

சட்டென்று கூடத்தில் இருபது முப்பது போன்கள் உயர்ந்தன. என்னைத்தான் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். சட்டைக் காலரைச் சரிசெய்து, கொஞ்சம் சிரித்துக்கொண்டும் நின்றேன். கடைசி வரிசையில் சூசை அண்ணாச்சி எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். ஒன்றுக்குப் போகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் பாரின் மேல் திருச்செந்தூர்த் திருவிழாக் கூட்டம்போல வள்ளங்கள். மாதக் கடைசியில் அங்கே தூண்டில் போட்டால் தூண்டில்தான் வந்தது. கம்பெனிக்கு, ஒளிவுமறைவில்லாத கம்பெனி என்று சான்றிதழ் வந்தது. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

இன்றைக்கும் என் மனைவியிடம், சேலையை எந்தக் கடையில் எடுத்தாய் என்று கேட்டால், "சொன்னா திரை கட்டிப் படம் போட்டுருவிய" என்கிறாள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

சூசை அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். ஒருநாள் காலை, எங்கெங்கோ அலைந்து பிடித்த அரைப்பெட்டி மீனை வாசலில் வைத்துவிட்டு நேரே மானேஜர் அறைக்குள் போனார். மகள் நோட்டில் கிழித்த தாள் ஒன்றை மேசையில் விரித்தார். எங்கள் படிவம்போலவே கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது.

"நான் பிடிச்ச இடத்தச் சொல்லிட்டேன். அங்க யாரு வாங்குதான், என்ன விலைக்கு வாங்குதான், எந்த வீட்டுக்குப் போகுது? இதுல எழுதித் தாங்க."

"அதெல்லாம் கம்பெனி ரகசியம் அண்ணாச்சி. வெளிய சொல்லக் கூடாதுன்னு அக்ரிமென்ட் இருக்கு," என்றார் மானேஜர்.

"அப்பம் ஒங்களுக்கும் ஒரு பார் இருக்கு."

தாளை எடுத்துக்கொண்டார். என் மேசையிலிருந்த பேனாவையும் எடுத்துக்கொண்டார், கேட்கவில்லை. வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி, கம்பெனி கேட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். மீன் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், "வீடு எங்கன தாயி? குழம்பு வைக்கப் போறியளா, பொரிக்கவா?" என்று கேட்டுக் கேட்டு, கட்டம் கட்டமாக எழுத ஆரம்பித்தார்.