எங்களுக்கு ஹந்தானையில் தோட்டம் இருந்தது

வேர்தேடி என்றொரு இனம் உண்டு. பார்த்ததில்லையா? சித்திரை மாதத்தில் கண்டிக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன். அரை உலகம் பறந்து வந்து, குளிரூட்டிய வேனில் மலையேறி, இறங்கியதும் சப்பாத்தைக் கழற்றி, கண்ணை மூடி, மூச்சை ஆழ இழுத்து, "ஆகா, எங்கள் மண்ணின் வாசனை!" என்று எவர் உருகுகிறாரோ அவரே வேர்தேடி. அது பக்கத்து மாட்டுத் தொழுவத்தின் வாசனை. நாம் ஏன் சொல்ல வேண்டும்?

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைகளின் கூரைத் தகரத்தை மாற்றிவிட்டார்களே என்று வருந்துவார். பழையது ஒழுகியதாம் என்றால், "இருந்தாலும் அதில் ஓர் ஆன்மா இருந்தது" என்பார். ஒழுகிய காலத்தில் அந்த ஆன்மாவுக்குக் கீழே சட்டி வைத்துக்கொண்டு விழித்திருந்தவர் அவரல்லவே.

எனக்கு வாய்த்த வேர்தேடி சுந்தரலிங்கம். கண்டி டவுனில் எங்கள் அப்பாவின் கடைக்கு அடுத்த கடை அவருடைய அப்பாவுடையது. அந்த மனிதர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, டவுனுக்கு இறங்கி, கடை போட்டு முன்னேறி, முன்னேறிய பிறகு அந்த மலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். மகன் லண்டனுக்குப் போய்க் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு வந்ததும் பக்தி வந்தது. பக்தி வந்தால் குலதெய்வம் வேண்டுமே? அது ஹந்தானையில் இருந்தது. வழிகாட்ட நான், வேன் ஓட்ட பளீல்.

மலையில் இறங்கியதும் அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போத்தலில் அடைத்தார். ரோட்டுப் பள்ளத்தை நிரப்ப எங்கிருந்தோ லொறியில் வந்து இறங்கிய மண் அது. பளீல், "சேர், எயார்போட்ல இத என்னண்டு கேப்பானுகள்" என்றான்.

"பக்தி என்று சொல்லுவேன்" என்றார் சுந்தரலிங்கம்.

அப்போதுதான் பாலாம்பிகை வந்தார். சுந்தரலிங்கத்தின் சித்தப்பா மகள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பராமரிக்கும் மடுவத்தைப் பார்த்துக்கொள்பவர். அவர் மலையின் இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் அழுகையை நிறுத்திவிடும்.

"யாரு, பெரியப்பா மகனா? லிங்கண்ணனா? இம்புட்டு நாளா எங்கண்ணே இருந்தீங்க? வாங்க, தேத்தண்ணி குடிங்க."

வேர்தேடி திடுக்கிட்டார். வேர் என்றால் அவர் மனதில் ஒரு கல், ஒரு சூலம், ஒரு மரம். அது எழுந்து வந்து, கையைப் பிடித்து, பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, கிரீம் பிஸ்கட் நீட்டும் என்று யார் கண்டது?

அன்று மாலை மாரியம்மன் திருவிழா. ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டுமே என்று, "ஆத்தா கூப்பிட்டுத்தான் வந்தேன் தங்கச்சி. ஒரு மாசமா விரதம்" என்றார். முதல்நாள் பேராதனையில் அவர் கோழிக் கொத்துரொட்டி சாப்பிட்டபோது நானும் பளீலும் எதிரில்தான் இருந்தோம்.

பாலாம்பிகையின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு! தீச்சட்டி நம்ம வீட்டு உரிமைண்ணே. அப்பா போனதுலேருந்து நான்தான் தூக்குறேன். இந்த வருசம் நீங்க தூக்குங்க. பூசாரிகிட்ட சொல்லிக் காப்பு கட்டிருவோம்."

"இல்ல தங்கச்சி, வந்து... என் பயணக் காப்புறுதியில, அதான் இன்சூரன்ஸ்ல, நெருப்பு சேராது."

"நான் கையில கட்டுற காப்பச் சொன்னேன். நீங்க வேற காப்பச் சொல்றீங்க." குலுங்கிச் சிரித்தார். "சரி விடுங்க. வெறுஞ்சட்டியப் புடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டார். சட்டைக்கு மேல் சால்வை போட்டு ஒன்று, சட்டையில்லாமல் ஒன்று.

மாலையில் தப்பு மேளம் அதிர்ந்தது. வேப்பிலைக்கு மேல் நெருப்பு எரியும் சட்டியை ஏந்திக்கொண்டு பாலாம்பிகை கோயிலை வலம் வந்தார். வேர்தேடி கைபேசியில் படம் பிடித்தார். சட்டியை இறக்கியதும் அவர் நேரே அண்ணனிடம் வந்து, சூடாறாத கையால் நெற்றியில் திருநீறு பூசி, "நல்லா இருங்கண்ணே" என்றார். கைபேசி தாழ்ந்தது. சுந்தரலிங்கம் விம்மி விம்மி அழுதார். நடிப்பில்லை, நான் பக்கத்தில் நின்றேன். கேலி செய்யவே பிறந்த எனக்கும் அது மறந்துபோனது. அந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

ஆனால் விடிந்துவிட்டது.

காலையில் ஏரிக்கரை ஹோட்டலில் சுந்தரலிங்கம் தன் லண்டன் நண்பர் டாக்டர் மகேந்திரராசாவோடு உட்கார்ந்திருந்தார்; நானும் அந்த மேசையில்தான் இருந்தேன். டாக்டர் யாழ்ப்பாணத்தவர். "எங்களுக்கு ஹந்தானையில் தோட்டம் இருந்தது" என்று இவர் அவரிடம் பல வருடங்களாகச் சொல்லிவந்திருக்கிறார். பொய்யா? தோட்டம் இருந்தது உண்மை. இவர்கள் அதில் இருந்ததும் உண்மை. யார் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சிறு தடுமாற்றம்.

பாலாம்பிகை புதுச்சேலை கட்டி, பிரசாதப் பொட்டலத்தோடு பஸ் பிடித்து இறங்கி வந்திருந்தார். "அண்ணே!" என்ற குரலில் மேசைக் கரண்டிகள் நின்றன.

"இவா ஆர்?" என்று கேட்டார் டாக்டர்.

ஒரு சொல் போதும். தங்கச்சி. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவங்களா?" என்றார் சுந்தரலிங்கம், தேநீரைக் கலக்கியபடி. "எங்க தோட்டத்தில வேலை செய்றவங்க."

பாலாம்பிகை அவரை நன்றாகப் பார்த்தார். பொட்டலத்தை மேசையில் வைத்தார். தோட்டத்து மேலாளரிடம் பேசும் அதே பணிவோடு, "பிரசாதம் வச்சிருக்கேங்க தொரை. வாரேங்க" என்றார். திரும்பி நடந்தார்.

"உங்கட தோட்டம் பெரிசோ?" என்றார் டாக்டர்.

"பெரிசு" என்றார் அவர். பொட்டலத்தை அவர் பிரிக்கவில்லை.

வாசலில் பளீல் வேன் கதவைத் திறந்துகொண்டு நின்றான். "ஏறுங்க ராத்தா, ஹந்தானைக்கு உட்டுட்டு வாறேன்." ராத்தா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அக்கா. பாலாம்பிகை ஏறினார். வேன் திரும்பி வரவில்லை. தொரை விமான நிலையத்துக்கு வேறு வண்டி பிடித்தார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் விமானம் ஏறவில்லை, மண்ணைப் போத்தலில் அடைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன கலியாண வீட்டில், தெல்தெனியவிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உரிமையோடு பேசினாரே, அவர் நகர்ந்ததும் பக்கத்திலிருந்த உங்கள் மேலதிகாரி, "யார் அது, சொந்தமா?" என்று கேட்டாரே, என்ன பதில் சொன்னீர்கள்?

மெதுவாகத்தான் சொன்னேன் என்கிறீர்களா? அவர் இன்னும் இரண்டடிகூட நகர்ந்திருக்கவில்லை.